பச்சைக் கேன்

அத்தியாயம் ஆறு

பெண்கள் கழிவறையில் ஓர் ஆண் மண்டியிட்டுத் தரையை முகர்ந்துகொண்டிருந்தால் எந்த அலுவலகத்திலும் கூச்சல்தான் கிளம்பும். அது கிளம்பாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவருடைய உதவியாளர் வம்பு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வேலை நடக்குதும்மா. மேல் மாடிக்குப் போங்க.”

“என்ன வேலை?” என்று கேட்டாள், கையில் ஃபைலோடு வந்த ஓர் அலுவலகப் பெண்.

“மூக்கு வேலை.”

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் படியேறிப் போனாள். உள்ளே துப்பறிவாளர் நெட்டையர் எழுந்து நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களுக்குத் தரை எப்போதுமே தூரம்தான். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு அது இன்னும் தள்ளிப் போயிருந்தது.

“என்ன பாஸ், ஏதாவது மாட்டிச்சா?”

“தரையைப் பாரு.”

“பளபளன்னு இருக்கு. என் முகமே தெரியுது. பாவம் தரை.”

“ஓடுகளுக்கு நடுவுல பாரு.”

வம்பு குனிந்தாள். வெள்ளை ஓடுகளுக்கு இடையே சிமென்ட் பூச்சு இருக்க வேண்டிய இடமெல்லாம் எலி கரண்டியதுபோல் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. தரையோரக் குழாயில் மேல்பாதி மினுங்கியது. கீழ்ப்பாதியில் முலாம் உரிந்து பித்தளை தெரிந்தது.

அவர்கள் தலைக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பு. பெரிய பச்சை இலை, அதன் கீழே: ‘இந்த அலுவலகத்தில் சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத பொருட்கள் மட்டுமே கொள்முதல் செய்யப்படுகின்றன.’

“ஊறு செய்யாத பொருள் சிமென்டைச் சாப்பிடுமா?” என்றார் நெட்டையர்.

“பசி எடுத்தா எதையும் சாப்பிடும் பாஸ். எங்க வீட்ல என் தம்பி இல்ல?”

நெட்டையர் சிரிக்கவில்லை. போன வாரம் இதே தரையில்தான் ஒரு பெண் சுருண்டு விழுந்திருந்தாள். அந்த அலுவலகத்தின் துப்புரவுப் பணியாளர். ‘பசுமை அலுவலக விருது’க்கான குழு பார்வையிட வந்த நாள் அது. குழு காலையில் முன்வாசல் வழியாக வந்தது. அவளைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய ஆஸ்துமா என்று அலுவலகம் கையை விரித்துவிட்டது.

அவளுடைய கணவர் அதை நம்பவில்லை. பட்டறைச் சட்டையோடேயே நெட்டையரின் அறைக்கு வந்து, உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் பேசினார். “அவளுக்கு ஜலதோஷம்கூடச் சேர்ந்தாப்ல ரெண்டு நாள் இருந்ததில்ல சார். தரை கழுவற பச்சைத் தண்ணி, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி விஷத்தை வாங்கிப் போட்டிருக்காங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்புறம் நான் பார்த்துக்கறேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் நெட்டையருக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனாலும் வழக்கை எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர் கண் சுவரின் உச்சிக்குப் போனது. அங்கே சதுரமாக ஒரு பலகை அடித்து மூடியிருந்தது. காற்றை வெளியே தள்ளும் விசிறி இருந்த இடம். பலகையிலும் ஒரு குட்டி இலை. ‘மின்சாரம் சேமிப்போம்.’

“இலை நிறைய இருக்கு. காத்துதான் இல்ல,” என்றாள் வம்பு.

*

கொள்முதல் அதிகாரியின் அறையில் பிளாஸ்டிக் என்று ஒரு பொட்டுகூடக் கிடையாது. துணி ஃபைல்கள், மூங்கில் பேனாக்கூடு, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பழுப்புக் காகிதம். அதிகாரி தானே அந்தக் காகிதத்தில் செய்தவர்போல வெளுத்து, மெலிந்து, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தார்.

“இந்தக் கொள்கையை நான்தான் எழுதினேன்,” என்றார். “எல்லாரும் கேலி பண்ணாங்க. மலிவா கிடைக்கறதை விட்டுட்டு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டாங்க. ஒத்தை ஆளா நின்னேன். நாங்க வாங்கற சுத்திகரிப்புத் திரவம் பழத்தோல்ல செய்யறது. குழந்தை குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

“அந்தத் திரவத்தைப் பார்க்கணுமே.”

“கேன் எல்லாம் சப்ளையருக்கே திரும்பப் போயிடுச்சு. மறுபயன்பாடு.”

“எப்பப் போச்சு?”

அதிகாரி மூங்கில் கூட்டில் இருந்த பேனாக்களை ஒழுங்குபடுத்தினார். “அன்னிக்கே.”

“அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“விருதுக்குழு வந்த நாள் சார். இடத்தைச் சுத்தமா வச்சுக்க வேண்டாமா?”

“எந்த இடத்தை?” என்றாள் வம்பு. “தரையையா, சாட்சியையா?”

அதிகாரி மணியை அழுத்தினார். மணி ஒலிக்கவில்லை. அதையும் மின்சாரம் சேமிக்கத் துண்டித்திருந்தார்கள். கடைசியில் அவரே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

*

ஸ்கூட்டரை வம்பு ஓட்ட, நெட்டையர் பின்னால் கால்களை மடக்கி வைக்க இடமின்றித் தவித்தார். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் வந்ததுமே புளித்த பழ வாசனை. வாசலில் நின்ற பெண்மணியை அக்கம்பக்கம் தோல்காரம்மா என்றே அழைத்தது. பழச்சாறு கடைகள் தூக்கிப்போடும் தோலையெல்லாம் வாங்கிவந்து பீப்பாய்களில் ஊறவைத்து அவர் அந்தத் திரவத்தைச் செய்தார். வேலையாட்கள் என்று யாரும் இல்லை. அவரும் அவர் மகளும்தான். மகளும் அன்று இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பேச்சே பேசாமல் ஒரு பீப்பாயைத் திறந்தார். பச்சைத் திரவத்தைக் கையில் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

“போதுமா சார்? குடிச்சும் காட்டவா?”

“வேண்டாம்மா. திரும்பி வந்த கேனைக் காட்டுங்க.”

கொட்டகையின் மூலையில் அவை வரிசையாக நின்றன. “இன்னும் கழுவலை,” என்றபடி தோல்காரம்மா முதல் கேனின் மூடியைத் திருகினார். திருகியவர் இருமிக்கொண்டு பின்வாங்கினார். நெட்டையர் குனிந்தார். ஊசி வைத்துக் குத்தியதுபோல் மூக்குக்குள் ஏறியது. கண்ணில் நீர் கொட்டியது.

“ஆசிட்!”

அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவும் பச்சைதான். பீப்பாயில் இருப்பதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது.

தோல்காரம்மாவின் முகம் வெளிறிப்போனது. “இது என்னோடது இல்ல சார்.”

“லேபிள்?”

“லேபிள் என்னோடதுதான்.”

அந்த நேரம் பார்த்து வம்புவின் போன் அடித்தது. எடுத்தவள், “ஆமாண்ணே... இங்கதான் இருக்கோம், பழத்தோல் கொட்டகையில. கேனுக்குள்ள ஆசிட் இருக்குண்ணே! மாட்டிக்கிச்சு!” என்று முடிப்பதற்குள் நெட்டையர் போனைப் பிடுங்கினார். மறுமுனை ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தது.

“யாரு?”

“நம்ம கிளையன்ட். அந்தம்மாவோட வீட்டுக்காரர்.” அவர் பார்த்த பார்வையில் வம்புவின் குரல் இறங்கியது. “சொல்லக்கூடாதா பாஸ்?”

“கதவைத் தட்டறதுக்குள்ள வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு கத்தக்கூடாது. இந்த வரிசையில மத்த கேனைத் தூக்கிப் பாரு.”

வம்பு தூக்கினாள். தூக்க முடியவில்லை. அடுத்ததும் அப்படியே. எல்லாம் நிறைந்திருந்தன. மூடியைச் சுற்றிய பட்டை வளையம்கூட அறுக்கப்படவில்லை.

“இவங்க ஏமாத்தறவங்கன்னு வச்சுக்கோ,” என்றார் நெட்டையர். “ஒரு கேன்ல ஆசிட்டை ஊத்திட்டு, மத்த அத்தனை கேன்லயும் நல்ல சரக்கை நிரப்பி அனுப்புவாங்களா? அப்படி ஒரு மோசடியால யாருக்கு லாபம்?”

“ஏமாத்தத் தெரியாதவங்களுக்கு.”

“அதைவிட வேடிக்கை என்னன்னா, ஒரு கட்டடம் முழுக்க இதாலதான் கழுவறோம்னு போர்டு வச்சிருக்காங்க. ஆனா கேனைத் திறக்கவே இல்ல. அப்போ எதாலதான் கழுவினாங்க?”

தோல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது கண்ணீரா, பழத்தோல் நீரா என்று தெரியவில்லை. “நானும் அதைத்தான் சார் யோசிச்சிட்டிருந்தேன். முதல் தடவை வாங்கினதோட சரி. மறுபடி ஆர்டரே வரல. போய்க் கேட்டேன். பெருக்குற பொண்ணுங்க, கறை போகலைன்னு சொன்னாங்க. போகாது சார். ஊத்தி ஒரு மணி நேரம் விட்டாத்தான் கறை இளகும். வந்து சொல்லிக் குடுக்கறேன்னு அந்த அதிகாரி கால்ல விழாத குறையாக் கேட்டேன். பாக்கலாம்னு சொன்னாரு.”

“பாத்தாரா?”

“இன்னிக்கு வரைக்கும் பாத்துட்டுத்தான் இருக்காரு.”

நெட்டையர் ஸ்கூட்டரில் ஏறியபடியே சொன்னார். “வம்பு, நம்ம கிளையன்டுக்குப் போன் போடு. நான் வர்ற வரைக்கும் எதுவும் பண்ண வேண்டாம்னு சொல்லு.”

வம்பு போட்டாள். மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “பட்டறைச் சத்தத்துல கேக்கலையோ என்னவோ,” என்றாள். அவள் குரலில் எப்போதும் இருக்கும் குறும்பு இல்லை.

*

மாடிப்படியின் கீழே துடைப்பங்களும் வாளிகளும் அடைந்து கிடக்கும் பொந்துதான் துப்புரவுப் பணியாளர்களின் ஓய்வறை. அங்கே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள் சுருண்டு விழுந்த பெண்ணின் ஜோடிக்காரி. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி தண்ணீர் தூக்கினால் மற்றவள் தேய்ப்பாள்.

நெட்டையர் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே நுழைய முடியாமல் வெளியிலேயே குந்தினார்.

“உன்கூட வேலை பார்த்த அக்காவைக் காப்பாத்தத்தான்மா கேக்கறேன். அந்த ஆசிட்டை யாரு கேன்ல ஊத்தினது?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வம்பு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜோடிக்காரி பேச ஆரம்பித்தாள்.

“அந்தப் பச்சைத் தண்ணி நல்ல தண்ணிதான் சார். கை எரியாது. கண்ணு கரிக்காது. முந்தி இருந்த மருந்துல எங்க நகமெல்லாம் உரிஞ்சுபோச்சு. இது வந்தப்போ நாங்க எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? ஆனா ஊற வைக்கணும். ஒரு ரூமுக்குப் பத்து நிமிஷம்தான் குடுப்பாரு சூப்பர்வைசர். தரையில பொட்டு மஞ்சள் தெரிஞ்சா, நாளைலேருந்து வராதேன்னுவாரு. விருதுக்கு ஆளுங்க வரப்போறாங்கன்னு தெரிஞ்சதும் இன்னும் ஆட ஆரம்பிச்சுட்டாரு.”

“அதனால?”

“அக்கா ஒரு பாட்டில் கொண்டு வந்தாங்க. ஊத்தின உடனே கறை கரைஞ்சு ஓடிச்சு. வெளியில தெரிஞ்சா இலை போர்டு வச்ச ஆபீஸ்ல ஆசிட்டான்னு கேப்பாங்கல்ல? அதான் தீர்ந்துபோன கேன்ல ஊத்தி வச்சுக்கிட்டாங்க. நிறமும் அப்படியே அச்சு அசல். யாருக்கும் சந்தேகமே வரல. பாக்கி கேனை அப்படியே அடுக்கி வச்சுட்டோம்.”

“அன்னிக்கு என்ன ஆச்சு?”

“குழு வர்ற நேரம். வாசனையா இருக்கட்டும்னு சூப்பர்வைசர் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தெளிச்சுட்டுப் போயிருந்தாரு. அது எங்களுக்குத் தெரியாது. அக்கா அதுமேலயே ஊத்திட்டாங்க. நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தா ரெண்டும் சேர்ந்து ஒரே மஞ்சப் புகை. விசிறியைத்தான் கழட்டிட்டாங்களே. கதவைத் தொறந்துக்கிட்டு வரக்கூட அக்காவுக்கு...”

வம்பு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நெட்டையர் அசையாமல் குந்தியிருந்தார். அவருடைய மூளை ஒரே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நின்றது.

“நிறம் அச்சு அசலா? ஆசிட்டே பச்சையாவா இருந்துச்சு? நீங்க ஏதும் சாயம் கலக்கலையே?”

“இல்ல சார். பாட்டில்லயே பச்சைதான்.”

கடையில் விற்கும் ஆசிட் தண்ணீர் நிறத்தில் இருக்கும். மிஞ்சிப்போனால் கொஞ்சம் மஞ்சள் தட்டும். பச்சை ஏறாது. செம்பையோ பித்தளையையோ திரும்பத் திரும்ப முக்கி எடுத்த ஆசிட்தான் பச்சையாகும். யார் அப்படி முக்குவார்கள்? பித்தளைக் குழாய்களுக்கு முலாம் பூசுகிறவர்கள். பூசுவதற்கு முன் அழுக்குப் போக ஆசிட் தொட்டியில் போட்டு எடுப்பார்கள். இந்தப் பெண் கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் அப்படி ஒரு பட்டறை எங்கே இருக்கிறது?

“பாஸ், ஏன் இப்படி ஆயிட்டீங்க?” என்றாள் வம்பு.

“நம்ம கிளையன்ட் என்ன வேலை பார்க்கறாரு?”

“குழாய்க்கு முலாம்...” வம்பு நிறுத்திக்கொண்டாள். அவள் கை தானாக வாய்க்குப் போனது. நெட்டையர் அவளைப் பார்த்த நாளிலிருந்து, சொல்ல வந்த ஒன்றை அவள் விழுங்கியது அதுவே முதல் தடவை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கொள்முதல் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. கேட்ட வரைக்கும் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

“உங்களுக்குத் தெரியும்,” என்றார் நெட்டையர் எழுந்து. “கறை போகலைன்னு இவங்க சொன்னாங்க. ஊற வைக்க நேரம் வேணும்னு அந்தம்மா வந்து சொன்னாங்க. கேனெல்லாம் திறக்காமலே கிடக்கறதையும் பார்த்திருக்கீங்க.”

அதிகாரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் கொள்முதல் அதிகாரி சார். பொருளை வாங்கத்தான் எனக்கு அதிகாரம். நேரத்தை வாங்க இல்ல. ஒரு ரூமுக்குப் பத்து நிமிஷம்ங்கறது கான்ட்ராக்ட். அது வேற பிரிவு. எழுதினேன். பதில் வரல.” அவர் ஒரு படி இறங்கி வந்தார். “நல்ல பொருளைத்தானே சார் வாங்கினேன்? இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்?”

நெட்டையருக்கு அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த மனிதர் உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“ஆசிட் வெளியிலேருந்து வந்திருக்கு,” என்றார் அதிகாரி, தலையைக் குனிந்தபடி. “இது மேல போச்சுன்னா அலுவலகம் அதைத்தான் பிடிச்சுக்கும். விதியை மீறினது அந்தம்மா, ஆசிட்டைத் திருடிக் குடுத்தது யாரோன்னு. நான் தடுக்க முடியாது சார். இப்பவே சொல்லிடறேன்.”

*

மருத்துவமனை வார்டில் அவள் கட்டில் ஜன்னலோரம். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. ஒவ்வொரு மூச்சுக்கும் தோளெலும்பு தூக்கித் தூக்கி இறங்கியது. டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார், நுரையீரல் வெந்துபோயிருக்கிறது, இனி செய்வதற்கு அதிகம் இல்லை என்று.

நெட்டையர் நாற்காலியை நெருக்கிப் போட்டு மெதுவாகச் சொன்னார். “நான் உங்க வீட்டுக்காரர் வச்ச ஆள்மா. கேனைப் பார்த்துட்டேன். பச்சை நிறத்தையும் பார்த்துட்டேன்.”

அவள் கண் விரிந்தது. கையைத் தூக்கி மூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

“அவருக்கு... தெரியுமா?”

“தெரியாது.”

“வீட்டுச் சாக்கடை அடைச்சிருக்குன்னு... பொய் சொல்லி வாங்கினேன்.” இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. “ஆபீசுக்குன்னா குடுத்திருக்கமாட்டாரு. வேலையே வேணாம்னு இருப்பாரு. சண்டை போட்டுத்தான் இந்த வேலைக்கு... வந்தேன் சார். எனக்கு இந்த வேலை பிடிக்கும்.”

“பேசாதீங்கம்மா.”

“என் தப்புத்தான். ஆனா அவரு... அவர் ஊத்திக் குடுத்ததுன்னு தெரிஞ்சா... அந்தக் கையால சோறே திங்கமாட்டாரு. சொல்லிடாதீங்க. எதுவும் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க.” அவள் விரல்கள் அவர் சட்டைக் கையைப் பற்றின. “சொல்லமாட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்லமாட்டேன்.”

நர்ஸ் வந்து மூடியைச் சரிசெய்தாள். கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெட்டையர் தன் தொழிலில் எத்தனையோ உண்மைகளைத் தேடி எடுத்திருந்தார். எடுத்ததைத் திருப்பி அதே இடத்தில் புதைக்க ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை.

வெளியே வராந்தாவில் வம்பு போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தாள். பேயறைந்த முகம்.

“தோல்காரம்மா பேசினாங்க பாஸ். அவர் அங்க போயிட்டாரு. பட்டறை ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு. எல்லாத்தையும் உடைச்சுட்டாங்களாம்.” அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். “நான் போன்ல சொன்னதைக் கேட்டு.”

*

கொட்டகைக்கு முன்னாலேயே தெரு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. பீப்பாய்கள் எல்லாம் உருண்டு கிடந்தன. ஊறின தோல்கள் சேறுபோல மிதிபட்டிருந்தன. கூட வந்தவர்கள் வேலை முடிந்ததும் கலைந்து போய்விட்டார்கள். தோல்காரம்மா வாசற்படியில் ஒரு துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை. ஆனால் அடிபட்டவரைப்போலத்தான் இருந்தார்.

“உள்ளதான் இருக்கான்,” என்றார். “உடைச்சுக்கிட்டே இருந்தான். திடீர்னு அடங்கிட்டான். போகவும் மாட்டேங்கிறான்.”

முலாம்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மூடி திறந்த அந்த ஒரு கேன் அவர் மடியில். கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நெடியால் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம்.

“வாங்க சார்,” என்றார். “ஆதாரம் கிடைச்சுதுன்னு திறந்து பார்த்தேன்.”

நெட்டையர் அவர் எதிரே குந்தினார்.

“கடை ஆசிட்டுக்கு இந்த வாசனை வராது. இதுல பித்தளை வாசனை இருக்கு.” அவர் கேனைச் சாய்த்து உள்ளே பார்த்தார். “இது எங்க தொட்டித் தண்ணி சார்.”

“நீங்க கொஞ்சம் எழுந்து வெளிய வாங்க. காத்தோட்டமா...”

“சாக்கடை அடைச்சிருக்குன்னு கேட்டா. தினம் தினம் கேட்டா. என்னடி உனக்கு அடைப்பு எடுக்கறதே வேலையான்னு சிரிச்சுக்கிட்டேதான் ஊத்திக் குடுத்தேன். வீட்டுச் சாக்கடையை ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கல சார் நான். பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், அங்க அடைப்பே இல்லைன்னு.”

வம்பு கதவருகிலேயே நின்றுவிட்டாள். “என்னாலதான்ணே,” என்று மட்டும் முணுமுணுத்தாள். அவர் காதில் அது விழவில்லை.

“அவளைப் பார்த்தீங்களா சார்? ஏதாச்சும் சொன்னாளா? இது எங்கேருந்து வந்துச்சுன்னு?”

கொஞ்ச நேரம் முன்பு தன் சட்டைக் கையைப் பற்றியிருந்த விரல்களின் அழுத்தம் நெட்டையருக்கு இன்னும் விடவில்லை. உண்மையைச் சொல்வதால் இனி யாருக்கும் ஒரு மூச்சு கூடப்போவதில்லை.

“ஒண்ணும் சொல்லலை. பேச முடியலை அவங்களால.”

“அப்ப நீங்களும் சொல்லிடாதீங்க சார்.” முலாம்காரர் இரண்டு கையையும் கூப்பினார். “நான் குடுத்ததாலதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம். எனக்காக அழுதே மூச்சு நின்னுடும். இருக்கற வரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்.”

நெட்டையர் தலையை மட்டும் அசைத்தார். ஒரே நாளில், ஒரே விஷயத்தை மறைக்கச் சொல்லிக் கணவனும் மனைவியும் தனித்தனியாக அவரிடம் கேட்டுவிட்டார்கள். சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருந்து யாரையும் காப்பாற்றவும் முடியாது.

வெளியே போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்க வேண்டும். முலாம்காரர் கேனை மூடி, பத்திரமாக ஓரமாய் வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியும் கையும் பச்சையாக நனைந்திருந்தன. வாசலுக்கு வந்தவர் தோல்காரம்மாவின் முன்னால் நின்றார்.

தோல்காரம்மா தலையை நிமிர்த்தினார். “என் கேன்ல விஷத்தைக் கலந்து என்னை நாசம் பண்ணது யாருன்னாவது சொல்லுங்களேன் யாராவது.”

அவர் பார்வை நெட்டையரிடம் வந்தது. நெட்டையர் வாயைத் திறந்தார்.

“நான்தாம்மா,” என்றார் முலாம்காரர்.

உடைத்ததைச் சொல்கிறார் என்றுதான் தோல்காரம்மா நினைத்தார்.

“அதான் தெரியுதே,” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பெருக்க ஆரம்பித்தார்.